வயிறு மட்டுந்தான் தெரியுது

“உனக்கு வயிறு மட்டுந்தான் தெரியுது பிள்ளை, உடம்பு கொஞ்சமும் வைக்கேல்லை.”

நான் பிள்ளைத்தாச்சியாக இருந்த காலத்தில் கேட்ட கதைகளுக்குள் என்னை ஆக அதிகம் ஆட்டிவைத்தது இந்த வசனம்தான். சொன்னவர்கள் எல்லோரும் என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார்கள். “நல்லா வைச்சிட்டாய்” என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அழுவேன், கோபப்படுவேன், இவரிடம் சொல்லி ஆறுவேன். பாராட்டோடு கோபப்பட முடியாது. அது உள்ளே போய் இருந்துகொண்டு, இரவுத் தட்டில் இருக்கும் இடியப்பத்தில் இரண்டைத் திரும்ப எடுத்து வைக்கச் சொல்லும். இவ்வளவு நாளும் வைக்காத உடம்பை இனி ஏன் வைக்கிறாய் என்று கேட்கும். சாப்பாட்டோடும் நிறையோடும் மனம் போராடுகிற நோயான உண்ணல் கோளாறிலிருந்து மீண்ட ஒருத்திக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக அதோடு ஒரே அறையில் இருந்தவள் அவள்.

எனக்கு அந்த வருத்தம் உயர்தரம் படிக்கும்போது தொடங்கி, கம்பஸ் முடியும்வரை இருந்தது. இங்கே என் நிறையையோ, சாப்பிட்ட அளவையோ எழுதப்போவதில்லை. இந்த வருத்தம் உள்ளவர்கள் வாசிக்கும்போது கண் முதலில் இலக்கத்தைத்தான் தேடும், தேடித் தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்க விருப்பமில்லை.

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் உடம்பைப் பற்றிக் கதைப்பது சுகம் விசாரிக்கும் முறை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நம்புகிறேன். என் அம்மாவின் தலைமுறை 1990க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக்குள் பிள்ளை வளர்த்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டையால் வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அம்மா என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவ. 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு சங்கக்கடை வாசலில் பையோடு வரிசையில் நின்றது எனக்கே நினைவிருக்கிறது. பால்மா எப்போது வரும் என்று பெரியவர்கள் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். அப்படியொரு இடத்தில் ஒரு பிள்ளையின் கன்னம் சதை பிடித்திருந்தால் அது நல்ல செய்தி. “வத்திப் போனாய்” என்று சொன்னபோது அதில் பயம் இருந்தது. “உடம்பு தேறியிருக்கு” என்றபோது ஒரு நிம்மதி இருந்தது. இதை மறந்துவிட்டு எங்கள் மாமிமாரை நாகரிகம் தெரியாதவர்கள் என்று எழுதினால் அது அநியாயம்.

ஆனால் 2009இல் போர் முடிந்த பிறகு பாதை திறந்தது, ரீவியும் இணையமும் வீட்டுக்குள் வந்தன, வெளிநாட்டுச் சொந்தங்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரத் தொடங்கினார்கள். வாய்ப் பழக்கம் அப்படியே இருந்தது, அளவுகோல் மட்டும் திசை மாறியது. “தேறியிருக்கிறாய்” என்று கேட்டு வளர்ந்த பெட்டைகள் “கொஞ்சம் குறைச்சால் வடிவாயிருப்பாய்” என்று கேட்கத் தொடங்கினோம். ஒரு கலியாணவீட்டு அல்பத்தைப் பார்த்து இரண்டு பேர் என் கையைப் பற்றிக் கதைத்தது எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. சொன்னவர்களுக்கு அடுத்த நாளே மறந்திருக்கும்.

என் வருத்தம் ஒளிந்திருந்த இடம் விரதம். கந்தசஷ்டியின் ஆறு நாளும் பட்டினி இருக்கிற பெரியவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நானும் பிடித்தேன். பிறகு வெள்ளிக்கிழமை, பிறகு செவ்வாய், சதுர்த்தி, பிரதோஷம், கேதாரகௌரி நாட்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அம்மம்மா கோயிலில் நாலு பேரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னா. விரதத்தை நான் குறை சொல்லவில்லை. அம்மம்மா இருந்த விரதத்தில் முருகன் இருந்தார், பாரணை முடிந்ததும் மனதாரச் சாப்பிட்டா. என்னுடையதில் சாப்பாட்டைத் தவிர வேறெந்த நினைப்பும் இருக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

மாதவிடாய் நின்றது. வயிறு பொருமுகிறது, சாப்பிட ஏலாது என்று சொன்னேன், காஸ்றிக் என்று குளிசை தந்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பொருமியது. நீண்ட நாள் பட்டினி கிடந்தால் வயிறு மெதுவாகத்தான் வெறுமையாகும், கொஞ்சம் சாப்பிட்டாலும் நிறைந்த மாதிரி இருக்கும். ஹொங்கொங்கின் மனநல மருத்துவர் சிங் லீ 1990களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பட்டினியால் மெலிந்து அவரிடம் வந்த பெண்களில் பலர் குண்டாகிவிடுவேன் என்ற பயத்தைச் சொல்லவேயில்லை. வயிறு பொருமுகிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். இது வெள்ளைக்காரரின் வருத்தம், எங்கட பிள்ளைகளுக்கு வராது என்று இங்கே இப்போதும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வரும். வந்தால் எங்கள் வீட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும். கடைசியில் வாட்டில் ஒரு இளம் டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, “சாப்பிட்ட பிறகு மனசுக்கு எப்பிடி இருக்கும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை மனநலக் கிளினிக்குக்குக் கொண்டுபோனது. சுகமாகப் பல வருடம் எடுத்தது. அந்தக் கதை வேறு.

கலியாணம் கட்டி, பிள்ளை தங்குமோ தங்காதோ என்ற பயமெல்லாம் கடந்து, ஸ்கானில் அந்தச் சின்னத் துடிப்பைப் பார்த்தபோது இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் சத்தி தொடங்கியது. இதைப் பற்றி ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஒருகாலத்தில் வேண்டுமென்றே சத்தி எடுத்த உடம்புக்கு, கர்ப்பகாலத்துச் சத்தி வெறும் சத்தி இல்லை. எடுத்து முடிந்ததும் வரும் அந்த லேசான உணர்வு பழைய ஆளைக் கூட்டிக்கொண்டு வரும். “பாவம், ஒண்டும் வயித்தில தங்குதில்லை” என்று எல்லோரும் இரக்கப்படும்போது உள்ளே ஒன்று அமைதியாகிறதைக் கவனித்தேன். அன்றைக்கே மனநலக் கிளினிக் டொக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் பதறவில்லை. வி.ஓ.ஜி.க்கு, அதாவது மகப்பேற்று வைத்திய நிபுணருக்கு, ஒரு கடிதம் எழுதித் தந்தார், சத்திக்குக் குளிசை தரச் சொன்னார், வெறும் வயிற்றோடு இருக்காமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏதாவது கொஞ்சம் சாப்பிடச் சொன்னார். அந்தக் கடிதம் பிறகு எனக்கு எத்தனையோ இடத்தில் உதவியது. பழைய வருத்தம் கர்ப்பத்தைக் கவனிக்கிற ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லச் சங்கடமென்றால் எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம் நிறை பார்க்கும் நாள். நான் போன கிளினிக்கில் தராசு ஒரு மூலையில், கொப்பி எழுதுகிற மேசை மறு மூலையில். ஒருவர் முள்ளைப் பார்த்து இலக்கத்தைக் கூப்பிட்டுச் சொல்ல, மற்றவர் எழுதுவார். வாங்கில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். “போன மாசத்துக்கு இந்த மாசம் நல்லாக் கூடியிருக்கு” என்று அங்கிருந்தே ஒரு கருத்தும் வரும். வேலைப் பளுவில் அவர்கள் அப்படித்தான் செய்ய முடிகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் முறை இறங்கி வரும்போது என் கால் நடுங்கியது. அன்றைக்குத் தந்த திரிபோஷா என்ற சத்துமாப் பக்கற்றை வீட்டில் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். அதைத் தின்றால் உடம்பு வைக்கும் என்று வாங்கில் பக்கத்தில் இருந்த அக்கா சொன்னவ.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தபோது நான் கேட்டுவிட்டேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், ஸ்கூட்டியில் வருவார், எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கடிதத்தை வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அதுக்கென்ன, நீங்கள் சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்கோ. நான் பாத்து எழுதுறன். ஏதும் சொல்ல வேண்டி வந்தால் நானே தனியாச் சொல்லுறன்” என்றார். அவ்வளவுதான். அடுத்த கிளினிக்கிலிருந்து நான் தாய்ப்பால் பற்றிய சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டு தராசில் நின்றேன், அவர் குனிந்து பார்த்து ஒன்றும் பேசாமல் எழுதினார். கொப்பியில் அந்தப் பக்கத்தை ஒரு கிளிப் போட்டு மூடித் தந்தார். உண்ணல் கோளாறுக்குச் சிகிச்சை செய்கிற பல இடங்களில் இப்படி இலக்கத்தைக் காட்டாமல் நிறுப்பது வழக்கம். மிஸ்ஸுக்கு அதை யாரும் படிப்பித்திருக்க மாட்டார்கள். அவருக்குத் தானாக விளங்கியது.

அன்றைக்கு வீட்டு விறாந்தையில் அவர் இன்னொன்றும் செய்தார். கொப்பியின் பின்மட்டையில் ஒரு வயிற்றைக் கீறி, அதற்குள் கோடு இழுத்து எழுதத் தொடங்கினார். பிள்ளை மூன்று கிலோ அளவில். நச்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல். பிள்ளையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. கருப்பை தானே வளர்ந்து ஒரு கிலோ. கூடுகிற இரத்தம் ஒன்றரைக் கிலோவரை. உடம்பில் தேங்கும் நீர், பால் கொடுக்கத் தயாராகும் மார்பு. “மிச்சம் இது” என்று அடியில் ஒரு வட்டம் போட்டார். “மூண்டு கிலோ அளவில கொழுப்பு. இதைத்தான் எல்லாருக்கும் பயம். பிள்ளை பிறந்த பிறகு பால் சுரக்க உடம்பு இப்பவே எடுத்து வைக்கிற சேமிப்பு இது. இது இல்லாட்டி உங்கட எலும்பில இருந்து, தசையில இருந்துதான் எடுக்கும்.” கர்ப்பத்துக்கு முன் சாதாரண நிறையில் இருந்தவர்கள் பதினொன்றரை முதல் 16 கிலோ வரையும், நிறையை உயரத்தோடு ஒப்பிடும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 18.5க்குக் கீழே இருந்தவர்கள் பன்னிரண்டரை முதல் 18 கிலோ வரையும் கூட வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மெலிந்தவள் கூடுதலாகக் கூட வேண்டும். எங்கள் ஊர்ப் பாராட்டு இதற்கு நேரெதிராக ஓடுகிறது.

அன்று இரவு பின்மட்டையை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பல வருடமாக நிறை என்றால் என் மீதான தீர்ப்பு என்றே எனக்குள் இருந்தது. இப்போது அதற்குள் பெயர் பெயராகப் பொருள் இருந்தது. திரிபோஷாப் பக்கற்றை அலுமாரிக்கு மேலிருந்து இவர் இறக்கித் தந்தார். சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழைத்து அம்மா உருண்டை பிடித்துத் தருவா. பின்னேரத் தேத்தண்ணியோடு சாப்பிடுவேன். சில நாள் இலகுவாக, சில நாள் கண்ணை மூடிக்கொண்டு.

வெளியில் மட்டும் கதை ஓயவில்லை. பிள்ளைத்தாச்சியின் வயிறு ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி, போற வாற எல்லோரும் ஒருதரம் எட்டிப் பார்ப்பார்கள். வயிறு கீழே இறங்கி நிற்கிறது, பொம்பிளைப் பிள்ளைதான். முகம் ஊதியிருக்கிறது, பிறசர் பார்த்தாயோ. மாதத்துக்கு வயிறு காணாது. இரட்டைப்பிள்ளையோ. ஒரே நாளில் ஒருவர் காணாது என்பார், இன்னொருவர் கூட என்பார். இதற்கெல்லாம் ஒரே பதில் கிடையாது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஆளுக்கேற்ற பதில்தான் வேண்டும். எல்லோருக்கும் என் வருத்தத்தின் கதையைச் சொல்லவும் தேவையில்லை. நான் நாலு பேருக்குத்தான் சொன்னேன்: இவர், அம்மா, மிஸ், ஒரு சிநேகிதி.

வயதான ஆட்களிடம் டொக்டரை முன்னால் விட்டேன். “டொக்டர் என்ர நிறையைப் பற்றி ஆரையும் கதைக்க வேண்டாமெண்டு சொல்லியிருக்கிறார் மாமி” என்றால் அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. உண்மையும் அதுதான், டொக்டர் சொல்லியிருந்தார். அதற்கும் நிற்காத ஆட்களிடம், “அதை விடுங்கோ, உங்கட முழங்கால் நோ இப்ப எப்பிடி?” என்று கேட்டுவிடுவேன். கதை அரை மணித்தியாலத்துக்கு அங்கேயே ஓடும். அது எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது, அந்தக் கால் நோவைக் கேட்க வீட்டில் ஆளில்லாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் வயதுச் சிநேகிதிகளிடம் நேரே சொன்னேன்: “உடம்பைப் பற்றி ஒண்டும் சொல்லாதை, நல்லதும் வேண்டாம்.” நல்லதும் வேண்டாம் என்பதுதான் அவர்களுக்கு விளங்கக் கஷ்டமாக இருந்தது. வடிவாயிருக்கிறாய் என்று சொல்வதில் என்ன பிழை என்று ஒருத்தி கேட்டாள். வடிவு என்று சொல், மெலிவு என்று சொல்லாதே என்றேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இவர் செய்த உதவி வேறு விதம். எங்காவது போகிறதென்றால், முதல் நாளே அந்த வீட்டுக்கு போன் எடுத்து, “அவ இப்ப உடம்பைப் பற்றிக் கதைச்சால் மனம் குழம்புறா, சொல்லாமல் பாத்துக்கொள்ளுங்கோ” என்று சொல்லிவிடுவார். எனக்குத் தெரியாமல் இல்லை, என்னைக் கேட்டுத்தான். நான் தனியாக நின்று தடுக்க வேண்டிய கதையில் பாதி, படலைக்கு வெளியிலேயே நின்றது.

ஆகக் கஷ்டம் அம்மாவிடம் சொல்வதாகத்தான் இருந்தது. எனக்கு வருத்தம் வந்த காலத்தைத் தன் சமையலின் தோல்வியாகவே அம்மா இன்னும் நினைக்கிறா. நான் சொல்லச் சொல்ல முருங்கையிலை உருவிக்கொண்டே இருந்தா, நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை. ஆனால் ஆகஸ்டில் கனடாவிலிருந்து அப்பாவின் அக்கா வந்து, வாசலில் என்னைக் கண்டதும் கையை விரித்து வாயைத் திறந்தபோது, அம்மா குசினியிலிருந்து ஓடி வந்து இடையில் நின்றா. “மச்சாள், பிள்ளைத்தாச்சியின்ர உடம்பை ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. நாவூறு படும்.” மாமி உடனே வாயை மூடி, என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனா. நாங்கள் படித்த எந்த வசனத்துக்கும் இல்லாத பலம் அதற்கு இருந்தது. பின்னேரம் அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டா. மிளகாய் வெடித்த சத்தத்தில் மாமியும் சிரித்தா, நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும் நானே முந்திக்கொண்டு நாவூற்றைச் சொல்லத் தொடங்கினேன். மூத்தவர்களை மனம் நோகச் செய்யாமல் வாயைக் கட்ட எங்களிடமே ஒரு வழி இருந்திருக்கிறது.

வட்ஸ்அப் படங்கள் வேறு தலையிடி. இப்போது யாழ்ப்பாணத்திலும் மண்டபம் எடுத்து வளைகாப்பு வைக்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். வளையல் பிடிக்கும், அந்தப் படங்கள் நாலு நாட்டுக் குடும்பக் குழுவுக்குள் போய், அதற்குக் கீழே எல்லோரும் எழுதுவதை ஏழாம் மாதத்தில் என்னால் வாசிக்க முடியாது. வீட்டில் சாமிக்கு முன்னால் அம்மாவும் சித்தியும் கை நிறையப் போட்டுவிட்டார்கள். படம் எடுக்கவில்லை.

பிள்ளை பிறந்த பிறகுதான் கவனம் கூட வேண்டும். பழைய வருத்தம் திரும்ப வருவதற்கு அந்த மாதங்கள் ஆபத்தானவை என்று டொக்டர் முதலே சொல்லி, பிரசவத்துக்குப் பிறகான கிளினிக் திகதியை முன்கூட்டியே போட்டுத் தந்திருந்தார். நித்திரையில்லை, உடம்பு யாருடையதோ மாதிரி இருக்கிறது, அதற்குள் பிள்ளையின் 31ஆம் நாள் சடங்குக்கு வருகிறவர்கள் “பிள்ளை பெத்தும் வயிறு போகேல்லையே” என்பார்கள். பிள்ளை பிறந்த கையோடு கருப்பை சுருங்கிவிடாது, பழைய அளவுக்கு வரக் கிட்டத்தட்ட ஆறு கிழமை எடுக்கும் என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்குத் தென்பு இருக்கவில்லை. சிநேகிதி வந்து என் பழைய சட்டைகளையெல்லாம் பெட்டியில் போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அலுமாரியைத் திறந்தால் போட முடியாத உடுப்பு ஒன்றும் கண்ணில் படாது. சின்ன வேலைதான், ஆனால் என்னைக் காப்பாற்றியதில் அதற்கு நிறையப் பங்கு.

பால் கொடுக்கும் பசியை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு, பிள்ளை மார்பில் இருக்கும்போது வரும் பசி அது. பேரம் பேசாது. பல வருடமாகப் பசி என்றால் அடக்க வேண்டிய ஒன்றாக இருந்தவளுக்கு, அதைக் கேட்டவுடன் எழும்பிப் போய்ச் சாப்பிடுவது பெரிய விடயம். அம்மா சரக்கு அரைத்து வைத்த மீன் கறியும் புட்டும் மூடியிருக்கும். குசினியில் நின்றபடியே சாப்பிடுவேன்.

இப்போது கதை பிள்ளையின் பக்கம் திரும்பிவிட்டது. மாதாமாதம் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்கிறார்கள், அது தேவையானது, நான் மறுக்கவில்லை. ஆனால் “பிள்ளை காணாது, பால் பத்தேல்லையோ” என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லும்போது, கோட்டுக்குள் ஒழுங்காகப் போகிற பிள்ளையைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு நானே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அவளுக்கு முன்னால் அவள் தொடையைப் பற்றி, கன்னத்தைப் பற்றி யாரும் கதைக்கக் கூடாது என்று வீட்டில் இப்போதே முடிவெடுத்துவிட்டோம். விளங்காத வயது என்று சிரிக்கிறார்கள். விளங்கும் வயது எப்போது தொடங்குகிறதென்று யாருக்குத் தெரியும்?

உங்கள் வீட்டில், அயலில் பிள்ளைத்தாச்சி ஒருத்தி இருந்தால் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. நித்திரை வருகிறதோ, பிள்ளை துடிக்கிறதோ, பெயர் பார்த்தாயிற்றோ, கிளினிக்குக்குக் கூட வர ஆள் இருக்கிறதோ. அவளுக்கு முன்பு என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

சாப்பாட்டோடு இப்போது போராடிக்கொண்டிருக்கிற ஒருத்தி இதை வாசித்தால், யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பசியில்லை, வயிறு பொருமுகிறது என்று மட்டும் சொல்லி நிற்காமல், சாப்பிடப் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கிளினிக்கில் வேலை செய்கிற மிஸ்மாரிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. முதல் பதிவில் சீனி வருத்தம் கேட்கிறீர்கள், பிறசர் கேட்கிறீர்கள், குடும்பத்தில் இரட்டைப்பிள்ளை உண்டோ என்றும் கேட்கிறீர்கள். தராசில் ஏற்றுவதற்கு முன், சாப்பாட்டாலோ நிறையாலோ எப்போதாவது மனம் கஷ்டப்பட்டதுண்டோ என்று மெதுவாக ஒருதரம் கேளுங்கள். ஓம் என்று சொல்ல அவளுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.